குழிக்கு மேலே

எட்சன் வளைகுடாவில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய மறுவருடமே அவருடைய மனைவி சஜிதா அயர்லாந்துக்குப் போனாள். மகள் ஸ்மைலின் அங்கே நர்ஸ். பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்று கேட்டாள், அம்மா போனாள். போகும்போது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிறகு ஸ்மைலின் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வேறு விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். அதுவும் கிடைத்தது.

புதுக்கடைப் பக்கம் அவர்கள் கட்டிய வீட்டில் எட்சன் தனியாக இருந்தார். மாடி வைத்த வீடு. மேலே உள்ள அறைகளை அவர் திறப்பதேயில்லை. காலையில் சந்தைக்குப் போய் சாளையோ அயிலையோ வாங்குவார். ஒரு ஆளுக்கு மட்டும் மீன் வாங்குவது அவருக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. மீன்காரி அள்ளிப் போடுவதை மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டு, அடுத்தடுத்த நாட்களும் அதே குழம்பைச் சூடாக்கி மரச்சீனிக் கிழங்கோடு தின்பார். சஜிதா தினமும் போனில் வருவாள். திரையில் பெரும்பாலும் பேரப்பிள்ளையின் தலைதான் தெரியும். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

அந்த நாட்களில்தான் நாகர்கோவிலில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் சிவபிரசாத் கூப்பிட்டார். எட்சனின் அப்பா இறந்தபோது அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை அந்தக் கடையில்தான் ஒப்படைத்திருந்தார்கள். மலையடிவாரத்து விளைத் தோட்டத்தில் மரச்சீனியைத் தோண்ட வரும் பன்றிகளை விரட்ட அப்பா வாங்கியது அது. லைசென்ஸ்காரர் இல்லாத துப்பாக்கியை இனியும் வைத்திருக்க முடியாது என்றார் சிவபிரசாத். வாரிசு யாராவது தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது விற்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அரசாங்கத்திடம் போய்விடும். எட்சனின் அக்கா ஜாஸ்பின் விற்றுவிடச் சொன்னாள். எட்சனும் விற்கத்தான் போனார்.

சிவபிரசாத் நாற்பது வயதுக்காரர், பழுது பார்ப்பதும் அவர்தான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலி என்று காட்டிவிட்டு எட்சனிடம் நீட்டினார். அப்பா இருந்தவரை பிள்ளைகள் அதைத் தொட்டதில்லை. எட்சன் அதை வாங்கித் தோளில் வைத்தார். பிறகு இறக்க மனம் வராமல் அப்படியே நின்றார். முன்பு சுட்டிருக்கிறீர்களா என்று சிவபிரசாத் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, எட்சன் தன் வேலையைப் பற்றிச் சொன்னார்.

இருபது வருடத்துக்கும் மேலாக அவர் ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் வேலை பார்த்தவர். ஆனால் சுடுகிற இடத்தில் அல்ல, அதற்குக் கீழே. சுடுகிறவர்கள் நிற்கும் வரிசைக்கு எதிரே நிலத்துக்குள் நீளமாக ஒரு குழி, மேலே கான்கிரீட் கூரை. அதற்குள் தட்டு வீசும் மெஷின்கள். உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சுத் தட்டுகள். களிமண் தட்டு என்பது பெயர்தான், தாரும் சுண்ணாம்புத் தூளும் கலந்து வார்த்தவை. மேலே ஒருவர் குரல் கொடுத்ததும் மெஷினின் கை சுழலும், தட்டு கூரையின் இடுக்கு வழியாக வெளியே பாயும், தலைக்குமேல் வெடிச் சத்தம் கேட்கும். எட்சன் அடுத்த தட்டை வைப்பார். முந்தையது உடைந்ததா தப்பியதா என்பது குழியில் இருப்பவனுக்குத் தெரியாது. மாலையில் மைதானத்தைக் கூட்டும்போது முழுசாகக் கிடக்கும் தட்டுகளைப் பார்த்து, இன்றைக்குச் சரியாகச் சுடவில்லை போல என்று நினைத்துக்கொள்வார். டிவியில் பார்த்திருக்கிறார். துப்பாக்கிக்குப் பின்னால் நின்று ஒரு தட்டு உடைவதை அவர் பார்த்ததில்லை.

"இந்தத் தோக்க வச்சு தட்டு சுடலாமா?" என்று கேட்டார்.

"சுடலாம். ஆனா இது பன்னிக்கு உள்ளது அண்ணாச்சி. தரையப் பாத்துச் சுடுகதுக்குச் செஞ்சது. தட்டு மேலல்லா ஏறும்" என்றார் சிவபிரசாத்.

எட்சன் விற்கவில்லை. லைசென்ஸ் கைக்கு வர ஒரு மழைக்காலம் முழுக்க அலைய வேண்டியிருந்தது. ஜாஸ்பின் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்த வயதில் உனக்கு யாரைச் சுட வேண்டும் என்று கேட்டாள். சஜிதா போனில் முதலில் சிரித்தாள், பிறகு பிள்ளை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

அஞ்சுகிராமம் தாண்டி, காற்றாலைகள் நிற்கும் பொட்டல் காட்டில் சிலர் அனுமதி வாங்கி ஒரு சிறிய கிளப் நடத்தி வந்தார்கள். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற இஸ்ரவேல் அதற்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் சுடுவார்கள். எட்சன் காலை ஆராதனை முடிந்ததும் துப்பாக்கியை உறையில் போட்டுப் பழைய ஆல்டோவின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு புறப்படுவார். மாவட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம். ரப்பரும் வாழையும் தீர்ந்து, பனையும் உடைமுள்ளும் தொடங்கும்வரை வண்டியில் பேச்சுத் துணை ரேடியோதான்.

முதல் நாள் ஒரு தட்டும் உடையவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியின் பின்கட்டை கன்னத்தில் அறைந்தது. தோள்பட்டை எரிந்தது. இஸ்ரவேல் பொறுமையானவர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குண்டெல்லாம் தட்டுக்குக் கீழே போகிறது என்றார். உங்கள் மேல் தப்பில்லை, கட்டை உங்களுக்குச் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, எட்சன் சஜிதாவின் அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே நின்றார். எதிரில் ஒருவர் நின்று, சுடுகிறவரின் கண் குழலுக்கு மேலே சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வளைகுடாக் கிளப்பில் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார். இங்கே கண்ணாடிதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோய்க் கன்னத்தைக் கட்டையில் பதித்தார். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் அவருடைய வலது கண் தெரியவில்லை. குழலின் பின்முனை அதை மறைத்திருந்தது. பார்க்க வேண்டுமானால் முகத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டும், தூக்கினால் அது அறையும். அப்பாவுக்குப் பெரிய முகம், தடித்த கன்னம். எட்சனுக்கு அம்மாவின் ஒடுங்கிய முகம். பலமுறை செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணோடு ஒரு கிழவர் நின்றார்.

அடுத்த நாளே நாகர்கோவிலுக்குப் போனார். சிவபிரசாத் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கன்னம் பதியும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துத் துணி டேப்பால் கட்டினார். கட்டிவிட்டுத் தன் கையால் எட்சனின் தாடையைப் பிடித்து முகத்தைக் கட்டையோடு சேர்த்து வைத்தார். விலகி எதிரே போய் நின்று பார்த்தார். இன்னும் ஒரு துண்டு என்றார். மறுபடி வந்து தாடையைப் பிடித்தார். தன் முகத்தை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எட்சனுக்கு அப்போது தோன்றியது. இன்னும் கொஞ்சநேரம் அவர் அளவு பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

குழல் நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம் என்றார் சிவபிரசாத். தோட்டா உட்காரும் அறையை மட்டும் கொஞ்சம் நீட்ட வேண்டும். அப்பா காலத்துத் தோட்டா குட்டை, இப்போது வருவது நீளம். அட்டை வைத்த அளவுக்கு ஈட்டி மரத்தில் ஒரு துண்டு செதுக்கித் திருகாணி போட்டுப் பொருத்தினார், மேலே மெல்லிய தோல் ஒட்டினார். கட்டையின் பின்புறம் ரப்பர் வைத்தார். குறி பார்க்கக் குழலின் நுனியில் இருந்த மங்கிப்போன பித்தளை மணிக்குப் பதிலாக வெள்ளை மணி வைத்தார். எட்சன் திரும்ப வாங்கித் தோளில் வைத்தபோது கன்னம் தானாகவே போய் உட்கார்ந்தது. கண்ணுக்கு நேரே குழலின் முதுகு மேடாக நீண்டு, அதன் முனையில் அந்த வெள்ளைப் பொட்டு தெரிந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரால் சுட முடியவில்லை. கிளப்பில் இருந்த ஒரே மெஷின் தட்டுகளை வீசும்போதே உடைத்துக்கொண்டிருந்தது. கல் பாவிய குழிக்குள் ஆளுக்கு ஆள் குனிந்து பார்த்துவிட்டு நின்றார்கள். எட்சன் உள்ளே இறங்கினார். வீசும் கையின் ரப்பர்ப் பட்டை தேய்ந்திருந்தது, ஸ்பிரிங் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டிருந்தது. சரிசெய்துவிட்டு, ஓடுகிறதா பார்க்கலாம் என்று அங்கேயே உட்கார்ந்து தட்டு வைத்தார். ஓடியது. மேலே எல்லாரும் சுட்டு முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது.

அடுத்த வாரம் அவர் வந்ததுமே, எட்சன் வந்தாச்சு, இனி மெஷின் ஓடும் என்று இஸ்ரவேல் சந்தோஷமாகச் சொன்னார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. அவராகவே இறங்கினார். அதற்கு அடுத்த வாரமும் இறங்கினார். கடைசியில் நீங்களும் ஒரு சுற்று சுடுங்கள் என்று இஸ்ரவேல் சொல்வார். அதற்குள் காற்று பலத்திருக்கும், அல்லது தோட்டா தீர்ந்திருக்கும். பரவாயில்லை சார், அடுத்த வாரம் பார்ப்போம் என்று எட்சன் சொல்லிவிடுவார். புதிதாகச் சரிசெய்த துப்பாக்கி காரின் பின்சீட்டில் உறைக்குள்ளேயே கிடந்து திரும்பி வரும். குழிக்குள் அவருக்கு வசதியாக இருந்தது. குளிர்ச்சி, பழகிய எண்ணெய் வாசனை, தலைக்குமேல் சத்தம். அப்படி வசதியாக இருந்ததுதான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரை என்னவோ செய்தது.

ஒருநாள் மதியம் சஜிதா கூப்பிட்டாள். ஸ்மைலின் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இன்னும் ஒரு வருடமாவது தான் அங்கே நிற்க வேண்டிவரும் என்றாள். நல்ல காரியம் என்று எட்சன் சொன்னார். ஸ்மைலினின் உடம்பைப் பற்றிக் கேட்டார். வைத்துவிடலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் அதைச் சொன்னார்.

"எனக்கு இங்க ஒத்தைக்கு இருக்க முடியல்ல, சஜி."

அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ பொம்மையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் இருந்தேன்லா" என்றாள் சஜிதா. குரலில் கோபம் இல்லை. "ஸ்மைலினுக்கு மஞ்சக்காமாலை வந்தப்பளும், வீடு கெட்டினப்பளும், உங்க அம்ம செத்தப்பளும் நான் ஒத்தைக்குத்தான் நிண்ணேன். நீங்க போன்ல வந்திய. இப்பம் நானும் போன்ல வாறேன். வேற என்ன செய்ய?"

"நீ எப்படிச் சமாளிச்ச?"

"சமாளிச்சேன்னு இல்ல. நாள் போச்சு."

போனை வைத்துவிட்டு எட்சன் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் இருந்த அத்தனை வருடமும் இந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. அந்த யாரோ எப்படி இருந்தாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். அப்போது கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. மீன் சட்டி அடுப்பில் ஆறிக் கிடந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் காரை நிறுத்தியதும் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக இஸ்ரவேலிடம் போனார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"சார், இன்னைக்கு முதல்ல நான் சுடுகேன். பெறகு குழியில எறங்குகேன்."

இஸ்ரவேல் ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்கென்ன எட்சன். நீங்க கேக்கவே இல்லியே" என்றார்.

தட்டு வைக்க ஆள் வேண்டும். வந்திருந்த மற்றவர்களுக்கு மெஷின் பழக்கமில்லை. கேட்டைத் திறந்துவிடும் முத்துக்கனி, தான் இறங்குவதாகச் சொன்னாள். பக்கத்து விளைக்காரி, ஐம்பது வயதிருக்கும், கிளப்புக்குக் காவலும் சாயா போடுவதும் அவள்தான். இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், இதிலென்ன இருக்கிறது என்றாள். எட்சன் ஒருமுறை செய்து காட்டினார், மெஷினின் கை சுழலும் பக்கம் குனியக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மேலே வந்து சுடும் கோட்டில் நின்றார். இரண்டு தோட்டாவைப் போட்டு மூடினார். கன்னத்தைக் கட்டையில் வைத்தார். தோலின் மணம் வந்தது.

இனி அவர் குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தார். தட்டு வரவில்லை. மறுபடி கொடுத்தார். காற்றாலைகளின் இரைச்சல்தான் கேட்டது.

குழிக்குள்ளிருந்து முத்துக்கனியின் குரல் வந்தது. "சொல்லிட்டேளா அண்ணாச்சி? ஒண்ணும் கேக்கலையே."

அவர் துப்பாக்கியை இறக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆயிரமாயிரம் பேர் கூப்பிட்டதைக் கீழே இருந்து கேட்டிருக்கிறார், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல். தன்னுடையது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மறுபடி துப்பாக்கியை ஏற்றிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து "போடு" என்று கத்தினார். பொட்டல் முழுக்க அது போய் வந்தது.

தட்டு பாய்ந்தது. அவர் நினைத்திருந்ததைவிட அது வேகம். சுட்டார், தப்பியது. அடுத்ததும், அதற்கு அடுத்ததும் தப்பின. ஆனால் கன்னத்தில் அடி விழவில்லை, தோளில் ஒரு தள்ளு மட்டும். இஸ்ரவேல் பின்னாலிருந்து, தட்டைத் துரத்தாதீர்கள், அதற்கு முன்னால் போங்கள் என்றார். அடுத்த தட்டு இடப்பக்கமாக ஏறியது. வெள்ளைப் பொட்டு அதைக் கடந்து போவது தெரிந்தது. சுட்டார்.

தட்டு உடைந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. அது இல்லாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புகை உருண்டையாக நின்றது, காற்று அதை இழுத்துக் கலைத்தது. பிறகு சில்லுகள் காய்ந்த தரையில் உதிரும் சத்தம். மைதானத்தைக் கூட்டி அள்ளிய நாட்களிலிருந்தே அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தட்டு உடைவது மேலே எப்படி இருக்கும் என்பதுதான் இத்தனை வருடமும் தெரியாமல் இருந்தது. துப்பாக்கியை மடக்கித் திறந்து கையில் பிடித்துக்கொண்டு வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றார். கண்ணில் நீர் கட்டியது. காற்று என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

"நல்லது. அடுத்தது" என்றார் இஸ்ரவேல்.

அந்தச் சுற்றில் நாலைந்து உடைந்தன. சாயா குடிக்கும்போது எட்சன் முத்துக்கனியிடம், நீயும் மேலே நின்று ஒருமுறை பார், நான் தட்டு வைக்கிறேன் என்றார்.

"அது ஒடையிறத நான் எப்பமும் பாக்கேன்லா. சில்லு பூரா ஆடு மேயிற எடத்துலதான் வந்து விழுது. பொறுக்கி மாளல" என்றாள் அவள்.

எட்சன் அவளோடு போய்க் கொஞ்சநேரம் சில்லு பொறுக்கினார். பிறகு மற்றவர்களுக்காகக் குழியில் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படியே நடந்தது, முதல் சுற்று அவருக்கு, மிச்சம் குழியில். ஒரு மாதம் போவதற்குள் பாதித் தட்டுகளாவது உடைந்தன.

டிசம்பரில் சஜிதா ஒரு மாதம் வந்து நின்றாள். மாடி அறைகளைத் திறந்து தூசி தட்டினாள். அவர் குளிக்கப் போகும்போது தோளில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்ததைப் பார்த்துத் திட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளப்புக்கு வந்தாள். காற்றுக்குப் பயந்து முதலில் காருக்குள் இருந்தவள், பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று எட்சன் தொடர்ந்து மூன்று தட்டு உடைத்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் போனில் பேரப்பிள்ளைக்கு ஆடுகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஒழுகினசேரி தாண்டியதும் அவளாகச் சொன்னாள். "ஒண்ணு பாத்தேன். புகை மாதிரி போச்சு." கொஞ்சம் கழித்து, "நீங்க சத்தம் போட்டு ஒண்ணு விளிச்சு நான் இப்பம்தான் கேக்கேன்" என்றாள். கியர் மாற்றும்போது அவருடைய கை அவள் கையில் பட்டது, அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரியில் அவளைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தார். ஸ்மைலினுக்குப் பிரசவம் ஏப்ரலில். அதன்பிறகு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டார்கள். என்ன முடிவு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக்கடையில் மழை. அஞ்சுகிராமத்தில் ஒரு துளி இல்லை. எட்சன் தன் சுற்றைச் சுட்டார், குழியில் இறங்கித் தட்டு வைத்தார், சாயா குடித்தார். வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியபிறகு போனைப் பார்த்தார். அவளிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். கையில் எண்ணெய் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டார்.